சீம் எங்கே பார்க்கிறது? பந்துவீச்சு: வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பந்துவீச்சு பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டிருந்தவற்றை எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவர்கள் "என் கையில் என்ன தப்பு?" என்றே கேட்டிருக்கிறார்கள். கையைப் பார்ப்பதற்கு முன் பந்தைப் பாருங்கள் என்பதுதான் பல பதில்களின் தொடக்கம். பதில்களில் ஆஃப் (பந்துவீச்சாளரைப் பார்த்து நிற்கும் பேட்ஸ்மேனின் வலப்பக்கம்), லெக் (இடப்பக்கம்) என்று வரும் இடமெல்லாம் வலக்கை பந்துவீச்சாளர், வலக்கை பேட்ஸ்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுப் பந்தில் அவுட்ஸ்விங் பிடிதான் பிடிக்கிறேன். ஓவருக்கு இரண்டு பந்து அழகாக வெளியே போகிறது. மற்ற நான்கும் அம்பு மாதிரி நேராகப் போகின்றன. பிடி மாறவே இல்லை. பிறகு ஏன் இப்படி?
*கல்லூரி மாணவர், ஊத்தங்கரை*

பதில்: பிடி சரியாக இருக்கலாம். கையை விட்ட பிறகு சீம், அதாவது பந்தின் நடுவே சுற்றி ஓடும் தையல் மேடு, ஆடுகிறது. அந்த நான்கு பந்துகளிலும் அதுதான் நடக்கிறது.

ஸ்விங், அதாவது பந்து காற்றில் பக்கவாட்டில் வளைவது, எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். பறக்கும் பந்தை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகிறது. சீமைச் சற்றுச் சாய்த்து விட்டால், ஒரு பக்கக் காற்று மட்டும் தையல் மேட்டில் மோதிக் கலங்குகிறது. கலங்கிய காற்று பந்தைக் கூடுதல் தூரம் ஒட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தில் பிரியும். வழவழப்பான மறுபக்கத்தில் கலங்காத காற்று சீக்கிரமே பிரிந்துவிடும். இதனால் பந்தின் பின்னால் விடும் காற்றுத் தடம் வழவழப்புப் பக்கமாகச் சாய்கிறது, பந்து எதிர்த்திசையில், அதாவது சீம் பார்க்கும் பக்கமாகத் தள்ளப்படுகிறது. சீம் முதல் ஸ்லிப்பை (கீப்பருக்குப் பக்கத்தில், ஆஃப் பக்கம் நிற்பவர்) பார்த்தால் வெளியே போகும் அவுட்ஸ்விங், ஃபைன் லெக்கை (கீப்பருக்குப் பின்னால், லெக் பக்கம்) பார்த்தால் உள்ளே வரும் இன்ஸ்விங்.

இது நடக்க வேண்டுமானால், பந்து போய்ச் சேரும்வரை தையல் ஒரே பக்கத்துக் காற்றையே கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். சீம் தள்ளாடினால் ஒரு கணம் இந்தப் பக்கம் கலங்கும், மறு கணம் அந்தப் பக்கம் கலங்கும். இரண்டும் கழிந்து பந்து நேராகப் போய்விடும். சீமை நிலையாக நிறுத்துவது பின்சுழல். விரல்கள் பந்தின் பின்புறத்தைக் கீழே இழுத்துவிடும்போது, சீம் ஓடும் திசையிலேயே பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. ரவீந்திர மேத்தாவும் சக ஆய்வாளர்களும் காற்றுச் சுரங்கத்தில் பந்தைச் சுழற்றி அளந்து 1983-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சீம் ஏறத்தாழ 20 டிகிரி சாய்வு, வேகம் மணிக்கு 110 கி.மீ. அளவு, பின்சுழல் நொடிக்கு 11 சுற்றுக்குச் சற்று மேல்: பக்கவிசை நன்றாகக் கிடைத்தது இந்த அளவுகளில்தான். மணிக்கு 140 போடத் தேவையில்லை, மாவட்ட அளவில் ஆடும் மிதவேகக்காரருக்கு இயற்கையே கொடுத்திருக்கும் வரம் இது.

இனி உங்கள் கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமின் இருபுறமும், நடுவே ஒரு விரல்கூட நுழையாத இடைவெளியில் இருக்கட்டும். கட்டைவிரலின் பக்கவாட்டு ஓரம் அடியில் சீமைத் தொடட்டும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். பந்து உள்ளே புதைந்திருந்தால் விரல் கடைசியாகத் தொடாது, உள்ளங்கை தள்ளும், பின்சுழல் செத்துவிடும். சீம் ஆடுவதற்கு நாங்கள் பார்க்கும் முதல் காரணம் இது. இரண்டாவது, விடும்போது மணிக்கட்டு ஒரு பக்கமாக விழுவது. அப்போது ஒரு விரல் மட்டும் கடைசியாகத் தொடும், சீம் தட்டாமாலை சுற்றும். மூன்றாவது, வேகம் வேண்டும் என்று பந்தை இறுக்கிப் பிடிப்பது.

எது உங்கள் கோளாறு என்று கண்டுபிடிக்கச் செல்போன் போதும். நொடிக்கு 240 ஃப்ரேம் பதியும் ஸ்லோ மோஷனில், ஸ்டம்புக்குப் பின்னால் பத்திரமான தூரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு 20 ஃப்ரேமுக்கு மேல் கிடைக்கும். சீம் ஒரே கோடாகத் தெரிந்தால் நல்ல பந்து. பம்பரம் சாயும்போது ஆடுவதுபோல் ஆடினால், கையை விட்ட முதல் ஐந்தாறு ஃப்ரேமைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், எந்த விரல் கடைசியாக விலகுகிறது என்று தெரியும். வீட்டில் மல்லாந்து படுத்து, பந்தைக் கூரை நோக்கி விரல் நுனியால் சுழற்றிப் போட்டுப் பிடியுங்கள். ஓட்டமும் தோளும் இல்லாததால் விரல் வேலை மட்டும் தனியாகத் தெரியும். சீம் ஆடாமல் தொடர்ந்து பத்து வந்த பிறகு வலைப்பயிற்சிக்குப் போங்கள்.

கேள்வி: நல்ல பவுலர் போட்டால் கடைசி நேரத்தில் ஸ்விங் ஆகிறது என்கிறார்களே, பந்துக்குக் கடைசியில் மட்டும் எப்படித் தெரியும்?
*வாசகர், காரிமங்கலம்*

பதில்: பக்கவிசை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. விலகும் தூரம் நேரத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அப்படித் தெரிகிறது. மொத்தம் 60 செ.மீ. விலகும் பந்து, பாதி நேரத்தில் 15 செ.மீ.தான் விலகியிருக்கும், மீதி 45 செ.மீ. இரண்டாம் பாதியில். பேட்ஸ்மேன் முதல் பாதியைப் பார்த்துத்தான் காலை வைக்கிறார். ஆகவே ஷார்ட்டாகப் போட்டால் ஸ்விங்கை வீணடிக்கிறீர்கள். முன்னே தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் என் யார்க்கரை (பேட்ஸ்மேனின் காலடியில் விழும் பந்து) யாரும் தொட முடியாது. லெதர் பால் மேட்சில் அதே யார்க்கர் தரையில் படாமல் ஃபுல்டாஸாகப் போய்ச் சிக்ஸர் வாங்குகிறேன். பயம்தான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள்.
*வாசகர், பாலக்கோடு*

பதில்: பயம் காரணமில்லை. எடைதான் காரணம். உங்கள் கை டென்னிஸ் பந்துக்குச் சரியாகப் பழகியிருக்கிறது, அதையே லெதர் பந்திலும் செய்கிறது.

டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். லெதர் பந்து 156 முதல் 163 கிராம். விட்டம் ஏறத்தாழ ஒன்றுதான்: 6.7 செ.மீ., 7.2 செ.மீ. காற்று இரண்டையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு தடுக்கிறது, ஆனால் டென்னிஸ் பந்தின் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். கணக்குப் போட்டால், மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் விட்ட லெதர் பந்து எதிர்முனை கிரீஸுக்கு (பேட்ஸ்மேன் நிற்கும் கோடு) போவதற்குள் சுமார் 12 சதவீத வேகத்தை இழக்கும். அதே வேகத்தில் விட்ட டென்னிஸ் பந்து 30 சதவீதத்துக்குமேல் இழக்கும். பயண நேரம் லெதர் பந்துக்கு 0.62 நொடி, டென்னிஸ் பந்துக்கு 0.7 நொடி. கூடுதலான அந்த நேரத்தில் டென்னிஸ் பந்து இன்னும் 45, 50 செ.மீ. கீழே இறங்கிவிடுகிறது. அதே கோணத்தில் லெதர் பந்தை விட்டால், கிரீஸுக்கு வரும்போது அது முட்டி உயரத்தில் இருக்கும். உங்கள் ஃபுல்டாஸ் இதுதான். கனமான பந்துக்குக் கைவேகம் கொஞ்சம் குறைவதால் சிறிது ஈடாகும், முழுவதும் ஈடாகாது.

திருத்த வேண்டியது ஒன்றரை டிகிரிதான். பந்தை ஒரு கணம் தாமதித்து விட வேண்டும். ஆனால் கவனம்: லெதர் பந்தில் ஒரு டிகிரி பிசகினால் பந்து விழும் இடம் சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளிப்போகும். டென்னிஸ் பந்து செங்குத்தாக இறங்குவதால் அதே பிசகு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். எனவே டென்னிஸ் பந்தில் யார்க்கர் வந்துவிட்டது என்பதை லெதர் பந்தில் பாதி வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி இப்படி. கிரீஸிலிருந்து இரண்டு மீட்டர் முன்னே, பந்து வரும் பக்கமாக ஒரு பழைய ஷூவை வைத்து அதைக் குறிவையுங்கள். ஆறில் நான்கு பந்து ஷூவைச் சுற்றி ஒரு முழத்துக்குள் விழுந்தால், ஷூவை ஒரு அடி பின்னே நகர்த்துங்கள். கிரீஸ் வரும்வரை இப்படியே. முதல் நாளே கிரீஸில் வைத்தால் பயத்தில் கையை முன்கூட்டியே திறந்து ஃபுல்டாஸ் பழகிவிடும். தலை இடப்பக்கம் சாயாமல், கண் ஷூ மேல் இருக்கட்டும். முன்கால் மடங்கினால் விடும் உயரம் குறைந்து, அதுவே இன்னொரு பிசகாகிவிடும்.

ஹெவி டென்னிஸ் பால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது, மாறும் காலத்தில் நல்ல பாலம். பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்தில் வளர்ந்த நடராஜன், 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவர் பெயர் வாங்கியதே யார்க்கரால்தான். வழி இருக்கிறது, கையை மறுபடி பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஓசூரில் ஆடினால் ஸ்விங் ஆகிறது, தருமபுரியில் ஆடினால் ஆகவில்லை. ஓசூர் குளிரும் ஈரப்பதமும்தானே காரணம்?
*தொழிற்சாலை அணி வீரர், ஓசூர்*

பதில்: எங்கள் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பக்கவிசை காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் பாதி. உயரம் கூடியதால் ஓசூரில் காற்று சுமார் 5 சதவீதம் லேசு. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம் என்பதும் உண்மை. ஓசூரில் காலை 18 டிகிரியும் தருமபுரியில் பிற்பகல் 33 டிகிரியும் என்றால், குளிரால் கிடைக்கும் லாபமும் அதே 5 சதவீதம். இரண்டும் சரிக்குச் சரியாகக் கழிந்துவிடும். ஈரப்பதம்? ஈரக் காற்று வறண்ட காற்றைவிட லேசானது. காற்றுச் சுரங்கச் சோதனைகளிலும் ஈரப்பதத்தால் பக்கவிசை கூடியதாகத் தெரியவில்லை.

பிறகு ஏன் வித்தியாசம்? எங்கள் அனுபவத்தில் இரண்டு காரணங்கள். காலையில் பிட்ச்சில் ஈரம் இருந்தால் சீம் தரையில் பதிந்து பந்து திரும்பும். அது ஸ்விங் இல்லை, தரையில் பட்ட பிறகு நடப்பது. பலர் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்தது மைதானம். புல் இருக்கும் மைதானத்தில் பந்தின் பளபளப்பு இருபது ஓவர் நிற்கும். செம்மண்ணும் சரளையும் கிடக்கும் மைதானத்தில் பவுண்டரிக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் பந்தை உப்புத்தாள் போட்டதுபோல்தான். பத்து ஓவருக்குள் இரண்டு பக்கமும் சொரசொரப்பாகிவிட்டால், சீமைத் தவிர வேறு எதுவும் உங்களுக்கு உதவாது.

கேள்வி: ஆடி மாதம் எங்கள் மைதானத்தில் மேல்காற்று தூக்கிக்கொண்டு போகிறது. எந்த முனையிலிருந்து போடுவது?
*வாசகர், பென்னாகரம்*

பதில்: நல்ல கேள்வி, கேப்டன்கள் இதை டாஸுக்கு முன்பே யோசிக்க வேண்டும். பேட்ஸ்மேன் கண்ணில் வெயில் அடிக்கக் கூடாது என்பதற்காகப் பிட்ச் பொதுவாக வடக்கு தெற்காக இருக்கும். மேற்கிலிருந்து வரும் காற்று பிட்ச்சுக்குக் குறுக்கே வீசும். வடக்கு முனையிலிருந்து தெற்கு நோக்கிப் போடுபவருக்கு மேற்கு வலப்பக்கம், அதாவது பேட்ஸ்மேனின் லெக் பக்கம். காற்று லெக்கிலிருந்து ஆஃபுக்கு அடிக்கும். அவுட்ஸ்விங் போடுபவருக்கு அந்த முனை. தெற்கு முனையிலிருந்து போடுபவருக்கு நிலைமை தலைகீழ், அது இன்ஸ்விங் போடுபவருக்கு.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று சீமின் கோணம். மணிக்கு 18 கி.மீ. குறுக்குக் காற்று, மணிக்கு 100 கி.மீ. பந்து என்றால், பந்தின்மேல் மோதும் காற்றின் திசை 10 டிகிரி திரும்பிவிடுகிறது. வழக்கமான 20 டிகிரி சாய்வு, காற்று துணையாக இருக்கும்போது 30 டிகிரிபோல் வேலை செய்யும். அது தேவைக்கு மேல். ஆகவே துணைக் காற்றில் சீமைக் கொஞ்சம் நேராக்குங்கள். முதல் ஸ்லிப்பைப் பார்த்த சீம், கீப்பரின் வலக்கையைப் பார்க்கட்டும். எதிர்க் காற்றில் ஸ்விங்கை நம்பி மல்லுக்கட்ட வேண்டாம், கட்டர் (விரலால் வெட்டிவிட்டு, தரையில் பட்டுத் திரும்பும் பந்து) போடுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு மொத்தமாக லெதர் பந்து வாங்குகிறோம். டூ பீஸா, ஃபோர் பீஸா? கடையில் எப்படிச் சோதிப்பது?
*கிராம அணிச் செயலாளர், காவேரிப்பட்டணம்*

பதில்: டூ பீஸில் ஒவ்வொரு அரைக்கோளமும் ஒரே தோல். ஃபோர் பீஸில் ஒவ்வொரு பாதியும் இரண்டு தோல்களை உள்தையலால் இணைத்தது. அந்தக் கால்தையல் பிரதான சீமுக்குக் குறுக்கே ஓடும். ஃபோர் பீஸ் வடிவம் குலையாமல் நெடுநேரம் தாங்கும். டூ பீஸ் தொடக்கத்தில் நன்றாக ஸ்விங் ஆகும், ஆனால் மலிவானவை சீக்கிரம் முட்டை வடிவம் ஆகிவிடும். எங்கள் யோசனை: வலைப்பயிற்சிக்கு டூ பீஸ், மேட்ச்சுக்கு ஃபோர் பீஸ்.

சீமில் ஆறு வரிசைத் தையல் இருக்கும். இந்தியாவில் டெஸ்டுக்குப் பயன்படும் மீரட்டின் எஸ்ஜி பந்திலும், இங்கிலாந்தின் டியூக்ஸிலும் ஆறும் கைத்தையல். அதனால் சீம் தூக்கலாக நெடுநேரம் நிற்கும். ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பந்தில் நடு இரண்டு வரிசை மட்டும் கைத்தையல், மற்றவை இயந்திரத் தையல். அதனால்தான் அந்தப் பந்து பழசானதும் சீம் படிந்து, பவுலர்கள் திணறுகிறார்கள்.

கடையில் செய்ய வேண்டியவை. டிஜிட்டல் தராசில் நிறுங்கள், 156–163 கிராமுக்குள் வர வேண்டும். நூலைச் சுற்றி அளந்தால் 22.4–22.9 செ.மீ. சீமை நகத்தால் ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். எங்காவது பள்ளமாகவோ இரு பாதிகளின் விளிம்பு மேலும் கீழுமாகவோ இருந்தால் வேண்டாம். கண்ணாடி மேசை மேல் மெதுவாக உருட்டினால் கோணிய பந்து தானே ஒரு பக்கம் திரும்பும். கடைசியாக, தலை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போடுங்கள். நல்ல பந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரம் எழும். பாதிக்கு மேல் எகிறினால் உள்ளே கார்க்கையும் நூலையும் மாற்றி மாற்றிச் சுற்றிய கரு இல்லை, ரப்பர் கலந்த ஒரே உருண்டைதான். அந்தப் பந்து கயிற்று மேட் விரித்த பிட்ச்சில் பேட்ஸ்மேனின் முகத்துக்கு எகிறும், சிறுவர்களுக்கு ஆபத்து.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. கிருஷ்ணகிரியில் பயிற்சிக்கு ஆண்கள் பந்தையே கொடுக்கிறார்கள். பந்து லெக் பக்கமே போகிறது. கை பலம் போதவில்லையா?
*ஒரு தாயார், கிருஷ்ணகிரி*

பதில்: பலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அம்மா, பந்துதான் பெரிது. பெண்கள் கிரிக்கெட்டுக்கான பந்து சுமார் 140–150 கிராம், சுற்றளவு 21–22.5 செ.மீ. பதின்மூன்று வயதுக்குக் கீழான சிறுவர்களுக்கு அதைவிடச் சிறிது, 133–144 கிராம். விதிப் புத்தகத்திலேயே இருப்பவை இவை, யாரும் சலுகையாகத் தருவதில்லை. விரல் நுனியில் பிடிக்க முடியாத பந்தைக் குழந்தை உள்ளங்கையில் பிடிக்கும், விட்டுவிடக் கூடாது என்று கடைசிவரை இறுக்கும், தாமதமாக விடும். பந்து லெக் பக்கம் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சரியான அளவுப் பந்தில் சில வாரம் போடட்டும். அதற்குப் பிறகும் லெக் பக்கம் போனால், இடக்கை சீக்கிரம் விழுந்து தோள் திறக்கிறதா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கயிற்று மேட் பிட்ச்சில் என் ஆஃப் ஸ்பின் ஒரு நாள் முட்டியிலிருந்து மார்புவரை ஏறுகிறது, ஒரு நாள் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு நாளும் ஒரே மேட்தான்.
*வாசகர், அரூர்*

பதில்: மேட்டை யார் கட்டினார்கள் என்று கேளுங்கள். இறுக்கி இழுத்து ஆணியடித்த மேட் பந்தை எகிற வைக்கும். தளர்ந்த மேட் பந்தைப் பிடித்து மெதுவாக்கும், திருப்பமும் கூடும். அடியில் சிமெண்டா, இறுகிய மண்ணா என்பதும் சேரும். ஆட்டத்துக்கு முன் மேட்டின் நடுவில் காலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சுருக்கம் விழுந்தால் தளர்வு. அன்றைக்குக் கூடுதல் சுழற்றி மெதுவாகப் போடுங்கள். அசையாவிட்டால், மேல்சுழலைக் கூட்டிச் சற்று முன்னே போட்டு, பவுன்ஸில் ஆளை எடுக்கப் பாருங்கள். ஓர விளிம்பில் ஆணி கழன்றிருந்தால் முதலில் அதை அடிக்கச் சொல்லுங்கள், அங்கேதான் உங்கள் முன்கால் விழுகிறது. ஸ்பைக்ஸ் போட்டு மேட்டில் ஏற வேண்டாம், ரப்பர் அடி ஷூ போதும்.

பிடியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆள்காட்டி, நடுவிரல்களின் மேல் கணுக்கள் சீமுக்குக் குறுக்கே, வலிக்காத அளவுக்கு விரிந்திருக்க வேண்டும். பந்து மோதிர விரலில் சாய்ந்திருக்கும். வேலை செய்வது ஆள்காட்டி விரல், கதவுக் குமிழைத் திருகுவதுபோல் உள்ளிருந்து வெளியே. பந்து பேட்ஸ்மேனிடம் வருமுன் காற்றில் ஸ்லிப் பக்கமாக நகர்ந்து, தரையில் பட்டு உள்ளே திரும்பும். நகர்வதற்குக் காரணம் உண்டு. ஆஃப் ஸ்பின் பந்து ஏறத்தாழ போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்கிறது. மேலேயிருந்து இறங்கத் தொடங்கியதும் போகும் திசை கீழே சாய்கிறது, சுழல் அச்சு சாயாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உண்டாகும் கோணத்தால் பக்கவிசை பிறக்கிறது. தூக்கிப் போட்டால்தான் இறக்கம் வரும், இறக்கம் வந்தால்தான் நகர்வு வரும். தட்டையாகப் போடுபவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

கேள்வி: பழைய பந்தில் நான் ரிவர்ஸ் போடுகிறேன். வேகம் மணிக்கு 105, 110 இருக்கும். நண்பர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
*வாசகர், பர்கூர்*

பதில்: பந்து வளைந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ரிவர்ஸாக, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையும் ஸ்விங்காக, இருக்க வாய்ப்பு குறைவு. புதுப் பந்தில் ரிவர்ஸ் வர மணிக்கு 135–145 கி.மீ. வேகம் வேண்டும். ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்த பந்தில் அந்த வரம்பு இறங்கும், ஆனாலும் 110 போதாது. பந்து எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். சொரசொரப்பான பக்கமாகப் போனால் வழக்கமான ஸ்விங். பளபளப்பான பக்கமாகப் போனால்தான் ரிவர்ஸ். உங்கள் வேகத்தில், சீமை நேராக நிறுத்தி, ஒரு பக்கம் சொரசொரப்பு மறுபக்கம் வழவழப்பு என்று பந்தை வைத்திருந்தாலே அது சொரசொரப்புப் பக்கமாக வளையும். சீம் சாயாததால் பேட்ஸ்மேனுக்குக் கையில் எதுவும் தெரியாது. ரிவர்ஸ் என்று பெயர் கிடைக்காவிட்டாலும், 110-இல் போடுபவருக்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

கேள்வி: அப்படியானால் பந்தை எப்படிப் பளபளப்பாக வைப்பது? எச்சில் போடலாமா?
*அதே வாசகர்*

பதில்: வியர்வை போடலாம், எச்சில் போடக் கூடாது. சர்வதேச ஆட்டங்களில் 2020-இல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக வந்த தடை, 2022 அக்டோபரில் நிரந்தரமானது. ஐபிஎல்லில் மட்டும் 2025-இல் தளர்த்தினார்கள். மெழுகு, வாசலின், மிட்டாய், நகம், தரையில் தேய்ப்பது எல்லாமே குற்றம், ஐந்து ரன் அபராதம். ஒரே பக்கத்தை மட்டும், முதல் ஓவரிலிருந்தே, பந்தைத் தொடும் அத்தனை பேரும் தேய்க்க வேண்டும். ஒருவர் மறந்து மறுபக்கம் தேய்த்தால் வேலை கெட்டது. சொரசொரப்புப் பக்கத்தை உலர்வாக வைத்திருங்கள். வியர்த்த உள்ளங்கையால் முழுப் பந்தையும் பொத்திப் பிடிப்பவர்தான் அணியில் பந்தைக் கெடுப்பவர்.

கேள்வி: என் வேகப் பந்தை மாங்கா (விதிக்குப் புறம்பான எறிதல்) என்கிறார்கள். நான் எப்படித் தெரிந்துகொள்வது?
*பிளஸ் டூ மாணவர், மொரப்பூர்*

பதில்: முழங்கை மடங்கியிருப்பது குற்றமில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடும்வரை, மடங்கிய முழங்கை நிமிரக் கூடாது. சர்வதேச அளவில் 15 டிகிரிவரை அனுமதி, ஆனால் அதை ஆய்வகத்தில்தான் அளக்க முடியும். ஊர் ஆட்டத்தில் அம்பயரின் கண்தான். பக்கவாட்டிலிருந்தும் எதிரிலிருந்தும் ஸ்லோ மோஷன் எடுங்கள். சிலருக்குக் கை இயல்பாகவே வெளிப்பக்கம் வளைந்திருக்கும், அவர்கள் நேராகப் போட்டாலும் எறிவதுபோல் தெரியும். இரண்டு கோணத்திலும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

நிமிர்வது உண்மை என்றால், முழங்கையைச் சுற்றி மேல்கையிலிருந்து முன்கைவரை கெட்டி அட்டையைச் சுருட்டித் துணியால் கட்டி, நின்ற இடத்திலிருந்து அரை வேகத்தில் போடுங்கள். கை மடங்கப் பார்க்கும்போதெல்லாம் அட்டை இடிக்கும். முழு ஓட்டத்துக்கும் பவுன்சருக்கும் அவசரப்பட வேண்டாம், கூடுதல் வேகத்துக்கு முயலும்போதுதான் பெரும்பாலோருக்கு எறிதல் நுழைகிறது. அட்டையைக் கழற்றிய பிறகு மறுபடி வீடியோ எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் கை தோள் உயரத்தில் இருக்கும் ஃப்ரேமையும் பந்து விடும் ஃப்ரேமையும் நிறுத்தி, முழங்கைக் கோணத்தைப் பாகைமானியால் அளந்து எழுதி வையுங்கள்.